தென்வானம் தேடி வந்த வைணு பாப்பு

குழந்தைகளே, மாசி மாதம் பிசான நெல் அறுப்புக்கு நிற்கும் சமயத்தில், இரவு ஒன்பது மணிக்கு வயல் வரப்பில் நின்று தெற்கே பாருங்கள். ஒரு விண்மீன் பளிச்சென்று தெரியும். அதுதான் அகத்திய நட்சத்திரம். இரவு வானத்து விண்மீன்களில் பிரகாசத்தில் இரண்டாம் இடம் அதற்குத்தான். நம் பொதிகை மலை அகத்தியரின் பெயரே அதற்கும்.

தாமிரபரணிக் கரையில் நல்ல உயரத்தில் தெரியும் இந்த விண்மீன், டெல்லியில் அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். பூமி உருண்டையாக இருப்பதால், நாம் தெற்கே வர வரத் தென்வானம் மேலெழுந்து வரும். வடக்கே இருப்பவர்கள் காணவே முடியாத சில விண்மீன்களை நாம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே காணலாம். இந்த உண்மையை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டின் மலைக்காட்டுக்குத் தொலைநோக்கியைக் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் வானியல் அறிஞர் வைணு பாப்பு.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பம் கேரளத்தைச் சேர்ந்தது. தந்தை ஹைதராபாத்தில் உள்ள நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். மற்றப் பிள்ளைகள் பந்தும் பம்பரமும் வைத்து விளையாடும் வயதில், பாப்புவுக்குத் தொலைநோக்கி பழகிப்போனது. பிரகாசம் கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களை அவர் இரவிரவாகப் பார்த்துக் குறித்துவைத்தார். கல்லூரியில் படிக்கும்போதே அவற்றைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். அப்போது வானியல் அவருக்குத் தொழில் அல்ல. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆசைக்காக வானம் பார்த்த பிள்ளை அவர்.

நிஜாமியா வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் வானத்தைப் புகைப்படம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவந்தது. கண்ணால் பார்ப்பது போதாதா, புகைப்படம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நம் கண் ஒளியைச் சேர்த்துவைக்காது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும், மங்கலான பொருள் மங்கலாகவே தெரியும். புகைப்படத் தகடு அப்படியல்ல. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரில் குடம் நிறைவதுபோல, நேரம் ஆக ஆக அதில் ஒளி சேர்ந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாதது தகட்டில் தெரியும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. தொலைநோக்கியும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் கோடாகிவிடும். 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர், ஆண்ட்ரோமீடா என்னும் மங்கலான ஒளித்திட்டை இந்த முறையில் மணிக்கணக்காகப் படம் எடுத்தார். அவர் கட்டடம் கட்டும் தொழில் செய்தவர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்குதான். அவர் எடுத்த படத்தில் அந்த ஒளித்திட்டின் சுருள் வடிவம் தெரிந்தது. அது நம் பால்வெளியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலம் என்பது பின்னாளில்தான் உலகுக்குத் தெரியவந்தது.

இனி பாப்புவின் கதைக்கு வருவோம். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1949ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், வானத்தைப் படம் எடுத்த ஒரு தகட்டை ஆராய்ந்தபோது, அதில் புதிய வால்மீன் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. பேராசிரியர் பாக், நண்பர் நியூகிர்க் ஆகியோரின் பெயர்களோடு சேர்த்து, அது பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன் என்று அழைக்கப்படுகிறது. அது மீண்டும் வர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் என்று மூவரும் கணக்கிட்டார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பாப்புவுக்குப் பதக்கமும் கிடைத்தது.

1952இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு, அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியதாக இருந்த பாலோமர் தொலைநோக்கியில் பணிபுரியும் வாய்ப்பு வந்தது. அதன் கண்ணாடியின் விட்டம் 5 மீட்டருக்கும் அதிகம். அங்கே ஓலின் வில்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து, விண்மீன் ஒளியில் கால்சியம் உண்டாக்கும் ஒரு கோட்டை ஆராய்ந்தார். அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான பிரகாசம் தெரியும், அதிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதும் தெரியும் என்று கண்டார்கள். 1957இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் அவர் வசதியாக ஆராய்ச்சி செய்திருக்கலாம். நம் நாட்டிலோ அப்போது சொல்லிக்கொள்ளும்படியான பெரிய புதிய தொலைநோக்கி எதுவும் இல்லை. இருந்தும் 1953இல் அவர் நாடு திரும்பினார். உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்துக்குத் தலைவராகி, அதைக் காசியிலிருந்து நைனிதால் மலைக்கு மாற்றினார். 1960இல், 32 வயதில், நம் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார்.

கொடைக்கானல் சூரியனை ஆராய்வதில் பெயர் பெற்ற இடம். இரவில் மங்கலான விண்மீன்களைப் பார்க்க அங்கே மேகமும் மூடுபனியும் விடுவதில்லை. எனவே பாப்பு வேறு மலை தேடினார். ஊர் விளக்குகளுக்கு எட்டாத இடமாக, வானம் தெளிவாகத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். முக்கியமாக, வடவானம், தென்வானம் இரண்டுமே தெரியும்படி அது தெற்கே இருக்க வேண்டும். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். வாணியம்பாடிக்குத் தெற்கே, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் அது இருக்கிறது.

1968இல் அங்கே வேலை தொடங்கியபோது இருந்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுதான். அதைக் கொடைக்கானலிலேயே செய்திருந்தார்கள். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதற்கான சான்று காவலூரிலும் பதிவானது.

பாப்பு அத்துடன் நிற்கவில்லை. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை வெளிநாட்டில் வாங்காமல் நாமே செய்ய வேண்டும் என்று திட்டமிட்டார். அப்படி ஒரு கண்ணாடி, நம் கண்ணின் பாவையைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு ஒளியைச் சேர்க்கும். கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். மயிரிழையில் பல நூறில் ஒரு பங்கு மேடு பள்ளம்கூட இருக்கக் கூடாது. ஆகவே தேய்ப்பதும் அளப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பாப்பு தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஆனால் இதய நோய் அவரை விடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் காலமானார். வயது 55தான். ஆசையாகத் திட்டமிட்ட பெரிய தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. அதன் வழியாக ஒரு விண்மீனைக்கூட அவர் பார்க்கவில்லை.

உடன் பணியாற்றியவர்கள் வேலையைப் பாதியில் விடவில்லை. 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

அடுத்த ஆண்டே அவர் தெற்கே வந்ததன் பலன் தெரிந்தது. 1987 பிப்ரவரியில், பெரிய மெகல்லன் மேகம் என்னும் விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியது உலகுக்குத் தெரிந்தது. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 1,60,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. நைனிதாலில் அந்த மண்டலம் உதிப்பதே இல்லை. காவலூரில் தென் அடிவானத்துக்குச் சற்று மேலே அது எழும். அங்கிருந்த வானியலார் அந்த ஒளியைப் பிடித்து ஆராய்ந்தார்கள்.

குழந்தைகளே, இன்று புகைப்படத் தகடு போய் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. வானியலைத் தொழிலாகக் கொள்ளாத பலரும் சிறிய தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் அதற்கு முன்னால் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். டிசம்பர் நடுவில் நிலா இல்லாத இரவு, ஏழரை மணிக்குப் பெரியவர்கள் துணையோடு, பாபநாசம் பக்கம் போல விளக்கு வெளிச்சம் குறைந்த இடத்துக்குச் செல்லுங்கள். தலைக்கு மேலே நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக இருக்கும். அதற்கு வடகிழக்கே பஞ்சுத் துணுக்குபோல ஒரு மங்கலான திட்டு தெரிகிறதா? அதுதான் ஆண்ட்ரோமீடா. அந்த ஒளி உங்கள் கண்ணுக்கு வந்துசேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

பார்த்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சிறு வயதில் வைணு பாப்புவும் அப்படித்தான் தொடங்கினார்.