கோடைப் பறவைகளின் வாழ்வை வரைந்த மரியா சிபில்லா மேரியன்

நோர்வே மொழியில் வண்ணத்துப்பூச்சிக்குச் ‘சொம்மர்ஃபூல்’ என்று பெயர். கோடைப் பறவை என்பது அதன் பொருள். எமது பிள்ளைகள் இங்கே பாலர் பாடசாலையிலேயே கற்றுக்கொண்டுவிடும் இச்சொல்லை நாம் பொருள் பிரித்துப் பார்ப்பதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மன் மொழியிலும் வண்ணத்துப்பூச்சிகள் கோடைப் பறவைகள் என்றே அழைக்கப்பட்டன. அப்பெயராலேயே அவற்றை அழைத்து, அவற்றின் பிறப்பையும் உணவையும் உருமாற்றத்தையும் தமது கைப்பட வரைந்து வைத்துப் போனவர் மரியா சிபில்லா மேரியன் அம்மையார். ஜேர்மனியில் வாழ்ந்த எம்மவர் சிலர் அவரது முகத்தை அறிவர். 1992இல் வெளியாகி, யூரோ வரும்வரை வழக்கிலிருந்த ஐந்நூறு மார்க் தாளில் அச்சிடப்பட்டிருந்தது அவரது உருவமே. அகதி வாழ்வின் முதலாண்டுகளில் அத்தாளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டியது என்பது வேறு கதை.

அவர் 1647ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிராங்பேர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் மத்தேயுஸ் மேரியன் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்து குடியேறியவர். நகரக் காட்சிகளைச் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிடுவதில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். மகளுக்கு மூன்று வயதாகும்போது அவர் காலமானார். தாயார் அடுத்த ஆண்டே யாக்கோப் மாரெல் என்னும் மலரோவியரை மறுமணம் செய்துகொண்டார். சிற்றப்பா முறையான இந்த மாரெலிடந்தான் சிறுமி மேரியன் தூரிகை பிடிக்கக் கற்றார். பல்கலைக்கழக வாயில் பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. அறிஞர்களின் மொழியாகிய இலத்தீனில் அவர் முறையான கல்வி பெறவில்லை. பூச்சிகளைப் பற்றி அவர் அறிந்தவை பெரும்பாலும் தாமாகவே பார்த்து அறிந்தவை.

பதின்மூன்றாவது வயதில், 1660இல், பட்டுப்புழுக்களை வளர்த்துப் பார்த்ததே அதன் தொடக்கம். பின்னர் தோட்டத்திலும் வேலியோரத்திலும் கிடைத்த மற்றைய புழுக்களையும் பெட்டிகளிலிட்டு வளர்க்கத் தொடங்கினார். மயிர்க்கொட்டியைக் கண்டால் எமது வீடுகளில் விளக்குமாற்றைத் தேடுவது போலவே அன்றைய ஐரோப்பியரும் தேடினர். அதுமட்டுமன்று, பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்ற பழைய நம்பிக்கை கற்றோரிடமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. இறைச்சியை மூடி வைத்தால் அதில் ஈப்புழு தோன்றாது என்பதை இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி சோதித்து வெளியிட்டது 1668இற்றான். அதற்கு எட்டாண்டுகள் முன்பே முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூடு, கூட்டிலிருந்து பூச்சி என்ற வரிசையைப் பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி தன் மேசை மீது கண்டுகொண்டிருந்தாள்.

1665இல் மாரெலின் மாணாக்கரான யோகான் அந்திரேயாஸ் கிராஃப் என்னும் ஓவியரை அவர் மணந்தார். குடும்பம் சில ஆண்டுகளில் கணவரின் ஊராகிய நூரென்பேர்க்கிற்கு மாறியது. யொகானா, டொரத்தேயா என இரு பெண்மக்கள். வீட்டுச் செலவுக்காக அவர் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு ஓவியமும் பூவேலையும் கற்பித்தார், வர்ணங்கள் விற்றார். 1675இல் வெளியிடத் தொடங்கிய மலர்ப் புத்தகம் தையல் வேலைக்கு மாதிரியாகவும் பயன்பட்டது. இவை அனைத்திற்குமிடையே புழுப் பெட்டிகள் தொடர்ந்து இருந்தன. ஒவ்வொரு புழுவும் எந்த இலையை உண்கிறது, எத்தனை நாளிற் கூடு கட்டுகிறது, எந்த நாளில் வெளிவருகிறது என்பவற்றைக் குறித்துவைத்து, கன்றுத்தோல் தாளிற் சிறு சிறு படங்களாக வரைந்தார். உரிய இலை கிடைக்காமல் இறந்த புழுக்கள் பல. கூட்டிலிருந்து எதிர்பார்த்த பூச்சி வராமல் சிறு குளவிகள் புறப்பட்டு வந்த சந்தர்ப்பங்களும் இருந்தன. அதனையும் மறைக்காமற் பதிவு செய்தார். ஒட்டுண்ணிக் குளவி பற்றி அன்று எவருக்கும் தெளிவான விளக்கம் இல்லை.

1679இல் அவரது புழு நூலின் முதற்பாகமும் 1683இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. பாகத்திற்கு ஐம்பது படங்கள். நூலின் புதுமையை நாம் இங்கே சற்று விளக்கவேண்டும். அதற்கு முன்னர் பூச்சிகளை வரைந்தோர் அவற்றை வெள்ளைத் தாளில் வரிசையாக, ஊசி குத்தி வைத்தாற்போல வரைந்தனர். மேரியனோ ஒரு செடியை நடுவில் வரைந்தார். அதன் இலையில் முட்டை, இலையைக் கடிக்கும் புழு, தண்டில் தொங்கும் கூடு, மலரருகே பறக்கும் பூச்சி ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில். கடித்த இலையைக் கடித்தபடியே, ஓட்டைகளுடன் வரைந்தார். எந்த உயிர் எந்தச் செடியைச் சார்ந்து வாழ்கிறது என்பதைப் படித்தறியாதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம். சூழலியல் என்ற சொல் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பணி இது. ஆனால் நூல் இலத்தீனில் அன்றி ஜேர்மன் மொழியில் இருந்தமையால் அறிஞர் உலகம் அதனைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இல்லறம் நிலைக்கவில்லை. மாரெல் இறந்தபின் பிராங்பேர்ட்டிற்குத் திரும்பிய அவர், 1680களின் நடுப்பகுதியில் வயதான தாயாரையும் இரு மகளிரையும் அழைத்துக்கொண்டு ஒல்லாந்தின் வடக்கேயுள்ள வீவெர்ட் என்னும் ஊரிலிருந்த லபாடியர் என்ற கடும் நெறிச் சமயக் குழுவினருடன் சேர்ந்துகொண்டார். சொத்துகள் அங்கே பொதுவுடைமை. பின்தொடர்ந்து வந்த கணவரை அக்குழு உள்ளே ஏற்கவில்லை. மனைவியும் திரும்பிச் செல்லவில்லை. தாயார் அங்கேயே இறந்தார். 1691இல் இரு மகளிரோடு அம்ஸ்ரடாம் நகருக்கு வந்து, தந்தையின் பெயரையே மீண்டும் தமக்குச் சூட்டிக்கொண்டு, நாற்பத்து நான்காவது வயதில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் வர்ண வியாபாரம், மறுபடியும் மாணவியர், மறுபடியும் பிறர் கேட்கும் மலர்களை வரைந்து கொடுத்தல். மணமுறிவு அடுத்த ஆண்டு சட்டப்படி நிறைவேறியது.

அந்நாளைய அம்ஸ்ரடாம் எமக்கு அந்நியமான நகரன்று. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையிடம் அதுவே. கீழைத்தேசங்களிலிருந்து கறுவாவும் மிளகும் சென்ற கப்பல்களிலேயே சங்குகளும் உலர்ந்த பூச்சிகளும் சென்றன. நகரத் தலைவரும் கம்பனியின் இயக்குநருமான நிக்கொலாஸ் விற்சன் போன்றோரின் மாளிகைகளில் அவை பேழை பேழையாக அடுக்கப்பட்டிருந்தன. மேரியன் அவற்றைச் சென்று பார்த்தார். அழகில் மயங்கினாலும் மனம் நிறையவில்லை. அப்பூச்சிகள் எந்தப் புழுவிலிருந்து வந்தன, எதை உண்டன என்பதை அப்பேழைகளின் உரிமையாளர் எவராலும் சொல்ல முடியவில்லை.

எனவே தாமே போவதென்று முடிவு செய்தார். தமது ஓவியங்களையும் சேகரிப்பையும் விற்றுப் பணம் திரட்டினார். மரணசாசனமும் எழுதி வைத்தார். 1699இல், ஐம்பத்திரண்டாவது வயதில், இளைய மகள் டொரத்தேயாவுடன் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். 1667 முதல் ஒல்லாந்தரின் கரும்புத் தோட்டக் குடியேற்றமாக இருந்த நாடு அது. அரசனோ கம்பனியோ அனுப்பாமல், அறிவு தேடும் ஒரே நோக்கத்துடன், தம் சொந்தச் செலவில் ஒரு பெண் கடல்கடந்து போனது அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத செய்தி. சுரினாமின் தோட்ட முதலாளிகளோ சீனியைத் தவிர வேறெதையோ தேடி வந்தவர் என்று அவரை ஏளனம் செய்தனர்.

அங்கே அவர் வரைந்த செடிகளின் பட்டியலைப் பார்த்தால் எமது வீட்டு வளவுக்குள் நுழைந்தது போலிருக்கும்: அன்னாசி, மரவள்ளி, கொய்யா, வாழை, பப்பாசி, மாதுளை, மரமுந்திரிகை, மிளகாய். மரவள்ளிக் கிழங்கின் நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கி அப்பம் சுடும் முறையையும் எழுதி வைத்தார். இவற்றோடு மயில்கொன்றையும் உண்டு. எமது ஊர்களிற் கோயிலோரத்திலும் முற்றத்திலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அதே மயில்கொன்றை. அதனருகே அவர் எழுதிய குறிப்பு இன்றும் படிப்போரை உறையவைக்கும். அடிமைப்பட்ட ஆபிரிக்கப் பெண்களும் அந்நாட்டுப் பழங்குடிப் பெண்களும் அதன் விதைகளை உட்கொண்டு கருவைக் கலைத்தனர் என்றும், தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக்கூடாது என்பதே அதற்குக் காரணம் என்றும், அப்பெண்களே இதனைத் தமக்குக் கூறினர் என்றும் அவர் பதிவு செய்தார். பூச்சி நூலொன்றில் இச்சாட்சியம் இடம்பெற்றது அதன் பெருமை என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் முழுமையையும் சொல்லவேண்டும். காட்டில் வழிவெட்டவும் புழுக்களைத் தேடிக் கொணரவும் அவருக்கு உழைத்தவர்கள் அடிமைகளே. அவர்களைத் தமக்குரியவர்களாகவே அவர் குறிப்பிட்டார். எந்த மரத்தில் எந்தப் புழு, எந்த வேர் எந்த நோய்க்கு என்று சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே. அவர்கள் சொன்னதாக எழுதினாரேயன்றி, ஒருவரது பெயரையும் எழுதவில்லை. அதே காலத்தில் அம்ஸ்ரடாமில் அச்சான மலையாளத் தாவர நூலில் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரின் பெயரும் சான்றிதழும் இடம்பெற்றதை எண்ணும்போது இக்குறை கூடுதலாகவே உறுத்துகிறது. திரும்பிவரும்போது சுரினாம் பழங்குடிப் பெண்ணொருவரையும் உடன் அழைத்துவந்தார். அவரது பெயரும் எமக்குக் கிடைக்கவில்லை.

ஐந்தாண்டுகள் தங்க எண்ணிச் சென்றவர் காய்ச்சலால் நலிந்து, இரண்டாண்டுகள்கூட நிறையாமல், 1701 ஜூனிற் புறப்பட்டு அவ்வாண்டு செப்ரெம்பரில் அம்ஸ்ரடாம் திரும்பினார். சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய நூல் 1705இல் அறுபது பெரும் படங்களுடன், ஒல்லாந்த மொழியிலும் இலத்தீனிலும் வெளிவந்தது. தாவரங்களின் இலத்தீன் விளக்கங்களைக் காஸ்பர் கொம்மெலின் எழுதினார். வெளியீட்டாளரும் மேரியனே. பணம் போதாமையால் அதே ஆண்டுகளில், அம்போன் தீவில் வாழ்ந்த பார்வையிழந்த அறிஞர் ரூம்பியுஸின் சங்கு நூலுக்கும் கூலிக்குப் படம் வரைந்தார்.

அந்நூலின் படமொன்று அவருக்கு நெடுங்காலப் பழியைத் தேடித் தந்தது. கொய்யாக் கிளையொன்றில் பெரிய மயிரடர்ந்த சிலந்தி சிறு குருவியொன்றைக் கூட்டிலிருந்து பிடித்து உண்ணும் காட்சி அது. அருகே எறும்புகள் தம் உடல்களையே பாலமாகக் கோத்துக் கடக்கின்றன. ஸ்வீடனின் லின்னேயுஸ் அவரது படங்களை ஆதாரமாகக் கொண்டு பல உயிர்களுக்குப் பெயரிட்டார். இச்சிலந்திக்கும் 1758இற் பறவையைக் குறிக்கும் பெயரையே இட்டார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கை ஆய்வாளர் சிலர் சிலந்தி பறவையை உண்ணுமா எனச் சிரித்தனர். சுரினாமுக்கே போகாத ஆங்கிலப் பாதிரியாரொருவர் 1830களில் அவரது படங்கள் பலவற்றைப் பயனற்றவை எனத் தள்ளினார். அவர் கையில் இருந்ததோ பிறர் மாற்றியமைத்த பிற்காலப் பதிப்பு. அடிமைகளின் பேச்சை நம்பிய பெண் என்பதும் மேரியன் மீது குற்றமாகச் சுமத்தப்பட்டது. தூர தேசத்திற் கண்டதைச் சொல்பவரை, அங்கே காலடி வைக்காதவர் மேசையிலிருந்து விசாரித்துப் பொய்யெனத் தீர்ப்பெழுதுவது எமது வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. அமேசன் காடுகளிற் பதினோராண்டுகள் அலைந்த ஹென்றி பேற்ஸ் என்பவர், சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளைத் தாமே கண்டதை 1863இல் எழுதியபின்னரே அச்சிரிப்பு அடங்கியது. எறும்புப் பாலமும் உண்மையே. இலைவெட்டும் எறும்பையும் வேட்டை எறும்பையும் ஒன்றாகக் கருதியதில் அவர் தவறினார். இரவில் ஒளிவிடும் பூச்சியென்று அவர் எழுதிய பெருந்தலைப் பூச்சி உண்மையில் ஒளிவிடுவதில்லை. இவை பிழைகள்தாம், பொய்கள் அல்ல.

1715இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. 1717 ஜனவரி 13ஆம் நாள் அம்ஸ்ரடாமில் இறந்தார். இறப்புப் பதிவேட்டில் அவர் வசதியற்றவர் என்றே குறிக்கப்பட்டார். ரஷ்ய மன்னர் மகா பீற்றரின் வைத்தியர் ஏறக்குறைய அதே நாட்களில் அவரது நீர்வர்ணப் படங்களைப் பெருந்தொகை கொடுத்து மன்னருக்காக வாங்கிக்கொண்டிருந்தார். புழு நூலின் மூன்றாம் பாகத்தை அவ்வாண்டே டொரத்தேயா வெளியிட்டார்.

மூத்த மகள் யொகானா வணிகரான தம் கணவருடன் சுரினாமிற் குடியேறி அங்கேயே மறைந்தார். டொரத்தேயா தம் கணவரான ஓவியர் கேயோர்க் கிசெல்லுடன் 1717இற் சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்குப் போய், மன்னரின் அரும்பொருட் கூடத்திற்காக ஓவியம் வரைந்து, 1743இல் அங்கே காலமானார். அவரது மகளொருத்தி பின்னாளிற் கணித மேதை ஒய்லரை மணந்தார். தாயாரின் ஆய்வுக் குறிப்பேடும் அந்நகரின் விஞ்ஞானக் கழக நூலகத்திற்கே போய்ச் சேர்ந்தது. 1976இற்றான் அது முழுமையாக அச்சேறியது. அதன் முதற் குறிப்பு, 1660இற் பிராங்பேர்ட்டில் வளர்த்த பட்டுப்புழுக்களைப் பற்றியது.