வட்டாரச் சொல்லை வாழ வைத்த வங்க மேதை
(இரண்டாமாண்டு, இளநிலை அறிவியல் – தாவரவியல்)

மன்னர்கள் மொழியைப் புரந்தார்கள். புலவர்கள் அதை வளர்த்தார்கள். இப்படித்தான் நாம் பள்ளி நாளிலிருந்து படித்து வருகிறோம். ஆனால் ஏர் பிடிக்கும் உழவனும், வலை வீசும் மீனவனும், நாற்று நடும் பெண்ணும் பேசுகிற பேச்சில்தான் மொழி மூச்சு விடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வங்க மொழியறிஞர் முகம்மது ஷஹீதுல்லா. வங்க மொழிக்கும் இலக்கியத்திற்கும் தொண்டாற்றுவதற்கென்றே டாக்காவில் இயங்கி வரும் பங்களா அகாதெமி என்னும் தேசிய நிறுவனம் தோன்ற வேண்டுமென்று முன்னரே குரல் கொடுத்தவரும் அவரே. செடி கொடிகளைப் பற்றிப் படிக்கும் மாணவிக்கு மொழியறிஞரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். மேலே படித்தால் அது விளங்கும்.

இளமையும் இடையூறும்

ஷஹீதுல்லா 1885ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், மேற்கு வங்கத்தில் 24 பர்கனா மாவட்டத்துப் பெயாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1904இல் ஹௌராவில் பள்ளிப் படிப்பை முடித்தார். 1910இல் கல்கத்தா சிட்டி கல்லூரியில் சமஸ்கிருதத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றார். இஸ்லாமிய நெறியில் பற்றுள்ள இளைஞர் ஒருவர் சமஸ்கிருதத்தை விரும்பிக் கற்றது அந்நாளில் வியப்பாகவே பார்க்கப்பட்டது.

முதுகலையிலும் அதையே பயில எண்ணிக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வேதம் கற்பித்த பண்டிதரோ, முஸ்லிம் ஒருவருக்கு வேதம் சொல்லித்தர இயலாதென மறுத்துவிட்டார். தகுதி இருந்தது, ஆர்வம் இருந்தது, பிறப்பு மட்டுமே தடையாய் நின்றது! துணைவேந்தராயிருந்த ஆசுதோஷ் முகர்ஜி அவரைக் கைவிடவில்லை. ஒப்பியல் மொழிநூலில் சேர வழி செய்து கொடுத்தார். 1912இல் அப்பாடத்திலேயே ஷஹீதுல்லா முதுகலைப் பட்டம் பெற்றார். ஒரு மொழியின் நூலைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர், எல்லா மொழிகளின் பிறப்பையும் ஆராயும் துறைக்கு வந்து சேர்ந்தார்.

பின்னர்ச் சட்டமும் படித்தார். பள்ளித் தலைமையாசிரியராகவும் வழக்கறிஞராகவும் சில காலம் பணியாற்றினார். எனினும் மனம் ஆராய்ச்சியையே நாடியது. 1919இல் தினேஷ் சந்திர சென்னிடம் ஆராய்ச்சி உதவியாளரானார். 1921இல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார்.

பழம்பாடல் ஆராய்ச்சி

நேபாள அரச நூலகத்தில் 1907இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி கண்டெடுத்த சர்யாபதங்கள் என்னும் பௌத்தப் பாடல்களே வங்க இலக்கியத்தின் பழைய சான்றாகப் போற்றப்படுகின்றன. சர்யாபதப் புலவர்களுள் ஒருவரான கான்ஹர், சித்தர் சரஹர் ஆகிய இருவரின் பாடல்களை ஆராய்ந்து, 1928இல் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவர் டாக்டர் பட்டம் பெற்றார்.

வங்க மொழி பத்தாம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது என்றார் சுனிதி குமார் சட்டர்ஜி. ஷஹீதுல்லாவோ ஏழாம் நூற்றாண்டுக்கே அதைக் கொண்டு சென்றார். சமஸ்கிருதத்தின் நேர் மகள் அன்று வங்க மொழி. மக்கள் நாவில் வழங்கிய பிராகிருதப் பேச்சிலிருந்து பிறந்தது அது என்பது அவர் துணிபு. சமஸ்கிருதத்தை ஆழக் கற்றவரே இதைச் சொன்னார் என்பது நோக்கத்தக்கது.

மொழிக்கு வந்த சோதனை

1947இல் நாடு பிரிந்தது. அவர் பிறந்த ஊர் இந்தியாவில் நின்றது. பணியாற்றிய டாக்கா பாகிஸ்தானில் சேர்ந்தது. புதிய நாட்டின் அரசு மொழியாக உருதுவே இருக்க வேண்டும் என்ற பேச்சு, பிரிவினைக்கு முன்பே எழுந்துவிட்டது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே 'ஆசாத்' நாளிதழில் கட்டுரை எழுதி, வங்க மொழியின் உரிமையை அவர் எடுத்துரைத்தார். 1948 டிசம்பர் 31 அன்று டாக்கா கர்சன் மண்டபத்தில் கூடிய இலக்கிய மாநாட்டில் தலைமையுரை ஆற்றியவரும் அவரே. இந்து, முஸ்லிம் என்னும் வேற்றுமையைவிட வங்காளியர் என்னும் உண்மை பெரிதென்று அங்கே அஞ்சாது கூறினார். வங்க மொழிக்கென ஓர் அகாதெமி வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

1952 பிப்ரவரி 21 அன்று, தாய்மொழி உரிமை கேட்டு டாக்கா வீதியில் திரண்ட மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நம்மைப் போன்று கல்லூரியில் படித்த பிள்ளைகள் அன்றோ அவர்கள்! முதலமைச்சர் வாழ்ந்த பர்த்வான் இல்லத்தை வங்க மொழி ஆராய்ச்சி நிலையமாக்குவோம் என்று 1954 தேர்தலில் ஐக்கிய முன்னணி வாக்களித்து வென்றது. 1955 டிசம்பர் 3 அன்று அதே மாளிகையில் பங்களா அகாதெமி தொடங்கப்பட்டது. 1956இல் வங்க மொழியும் பாகிஸ்தானின் அரசு மொழிகளுள் ஒன்றாயிற்று.

நாட்டுப்புறச் சொற்களின் நூல்

உருதுத் திணிப்பை எதிர்த்த அப்பெருந்தகை உருதுவை வெறுத்தவர் அல்லர். 1959இல் கராச்சிக்குச் சென்று உருது அகராதிப் பணியிலும் உழைத்தார். பின்பு 1960இல், எழுபத்தைந்தாம் வயதில், பங்களா அகாதெமியின் வட்டார மொழி அகராதிக்குப் பதிப்பாசிரியரானார். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் கிழக்கு வங்கத்துக் கிராமச் சொற்களைத் தொகுக்கும் பெரும்பணியை மேற்கொண்டார்! எந்தச் சொல் எந்த மாவட்டத்தில் வழங்குகிறது என்ற குறிப்போடு அந்த அகராதி 1965இல் வெளிவந்தது.

என் மனத்தைத் தொட்ட இடம் இதுவே. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும்போது, பறித்த ஊரையும் நாளையும் எழுதாவிட்டால் அது வெறும் சருகு. சொல்லையும் அவர் அவ்வாறே பேணினார். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வரப்பில் முளைக்கும் பூண்டுகளில் பெயர் தெரியாத ஒன்றை அவரிடம் காட்டிவிட முடியாது. அப்பெயர்களிற் பல எங்கள் பாட நூலில் இல்லை. வகுப்பில் சொன்னால் சிரிப்பார்களோ என்று நம்மில் பலர் அவற்றை வீட்டு வாசலிலேயே விட்டு வருகிறோம். சோர்போன் சென்று வந்த பேரறிஞர் அத்தகைய சொற்களைத்தான் அகராதியில் ஏற்றி வைத்தார்.

காலமும் கணக்கும்

வங்க நாட்காட்டியைச் சீர்திருத்த அகாதெமி அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். முதல் ஐந்து மாதங்களுக்கு 31 நாள், எஞ்சிய ஏழுக்கு 30 நாள் என்று 1966இல் அக்குழு பரிந்துரைத்தது. கூட்டினால் சரியாக 365! வங்கதேசம் பின்னர் இதை ஏற்றது. 2019இல் மீண்டும் சில மாற்றங்கள் செய்தது.

1969 ஜூலை 13 அன்று ஷஹீதுல்லா டாக்காவில் மறைந்தார். 1971இல் பிறந்த வங்கதேசத்தைக் காண அவர் இல்லை. பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்ததையும் அவர் கண்டாரில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவத் தோழர்களே! பிறப்பைக் காட்டிக் கல்வியை மறுத்தவர்கள் முன்னால் அவர் சோர்ந்து போகவில்லை. தாம் உயர்ந்தபின் எளியோர் பேச்சைத் தாழ்வாக நினைக்கவுமில்லை. பட்டம் பெற்று வெளியேறும் நாளில் நம் பெற்றோர் பேசும் சொல் நமக்கு நாணத்தைத் தருமா, பெருமையைத் தருமா? விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்வோம். முதியோரிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு பத்துச் சொற்களை எழுதி வருவோம். அந்த மேதைக்கு நாம் செய்யும் வணக்கம் அதுவாக இருக்கட்டும்.