புற்று நோயைப் பட்டினி போட்ட டாக்டர்

புற்று நோய் யாருக்கும் அடங்காது, தன் இஷ்டப்படி வளரும் என்றே டாக்டர்கள் ஒரு காலத்தில் எண்ணினார்கள். அது தவறு என்று காட்டியவர், டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ்.

இவர் 1901-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, கனடா நாட்டில் ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்தார். 1924-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிறுநீர் உறுப்பு நோய்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

நாய் காட்டிய வழி

ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில் "பிராஸ்டேட்" என்ற சிறு சுரப்பி உண்டு. முதுமையில் இதில் புற்று நோய் வரலாம். கிழட்டு நாய்களுக்கும் இதில் கட்டி வருவது உண்டு.

ஹக்கின்ஸ் நாய்களின் பிராஸ்டேட் நீரை ஆராய்ந்து வந்தார். சில நாய்களுக்குக் கட்டி இருந்தது. அது ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருந்தது. ஆனால், அந்த இடைஞ்சலே வழி காட்டியது! விரைகளை அகற்றியதும் கட்டி சுருங்கியது.

விரைகளில் ஊறும் ஆண் ஹார்மோன்தான் கட்டிக்குத் தீனி என்பது புரிந்தது.

எழுந்து நடந்தார்கள்

நோய் முற்றிய 21 பேருக்கு இதே ஆபரேஷன் நடந்தது. பலருக்கு எலும்பு வலி குறைந்தது. பசி எடுத்தது. படுத்தவர்கள் எழுந்தார்கள். 1941-ல் இந்த முடிவு வெளியாயிற்று. பெண் ஹார்மோன் கொடுத்தாலும் நோய் தணியும் என்று அவர் கண்டார்.

பூட்டும் சாவியும்

ஹார்மோன் ஒரு சாவி. செல்லுக்குள் அதற்கு ஒரு பூட்டு உண்டு. அதன் பெயர் "ஏற்பி". சாவி பூட்டைத் திறந்தால் செல் பெருகும். பெண் ஹார்மோனின் ஏற்பியைக் கண்டுபிடித்தவர் எல்வுட் ஜென்சன். அவர் ஹக்கின்சின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர்!

ஆனால், நோய் லேசில் விடுவதில்லை. பலருக்குச் சில காலம் கழித்துத் திரும்பி வருகிறது. ஏன்?

செல்லை வளரத் தூண்டும் வேறு பொருள்களும் உடலில் உண்டு. அவை "வளர்ச்சிக் காரணிகள்". ஆண் ஹார்மோன் குறைந்தபோதும் இவை அந்தப் பூட்டை நெம்பித் திறக்க உதவுகின்றன. பூட்டே உருமாறுவதும் உண்டு; எண்ணிக்கையில் பெருகுவதும் உண்டு. அதனால்தான், பூட்டையே அடைக்கும் மாத்திரைகள் பிறகு வந்தன.

நோபல் பரிசு

1966-ல் ஹக்கின்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெய்டன் ரவுஸ் என்ற விஞ்ஞானியும் அதில் பங்கு பெற்றார்.

1997-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஹக்கின்ஸ் காலமானார். வயது 95.

முற்றிய பிராஸ்டேட் புற்று நோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்குவதே இன்றும் முதல் சிகிச்சை. அவர் போட்ட பாதை அது.