ஏழையின் படியேறிய பேராசிரியர்
முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாம் (1813–1853)

நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையை அறியாதார் இலர். அச்சபையைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் ஓசானாம். அப்போது அவர் இருபது வயது மாணவர்.

1813 ஏப்ரல் 23-ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். தந்தையார் ஏழைகளுக்கு இரங்கும் மருத்துவர். லியோன் நகரில் வளர்ந்து, 1831-இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். அங்கே ஒரு விவாதத்தில், திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்திருக்கலாம், இன்று ஏழைக்கு என்ன செய்கிறது என்று எதிரணியினர் கேட்டனர். அக்கேள்வி அவர் நெஞ்சில் தைத்தது. 1833-இல், தம் பிறந்த நாளன்றே, பாய்யி என்னும் பத்திரிகையாளரின் தலைமையில் சில மாணவர்களுடன் சபையைத் தொடங்கினார். சேரிகளை நன்கறிந்த சகோதரி ரொசாலி ராந்து அவர்களுக்கு ஏழைகளின் வீடுகளைக் காட்டினார்.

சபையின் முறை எளியது. தங்களுக்குள் பணம் திரட்டுவர். ஏழையின் வீட்டிற்கு நேரில் சென்று, அமர்ந்து பேசி, தேவையறிந்து உதவுவர்.

1844-இல் சபை அயர்லாந்தின் டப்ளின் நகரில் வேரூன்றியது. மறு ஆண்டு அந்நாட்டில் கொடும் பஞ்சம் தொடங்கியது. பாரிஸ் தலைமைச் சபை பணம் திரட்டி அனுப்பிற்று. அங்கிருந்த கிளைச் சபைகள் அதை ஏழைகளிடம் சேர்ப்பித்தன. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பாரிசுக்குத் தெரியாது; அவ்வூரார்க்குத் தெரியும்.

ஓசானாம் 1841-இல் அமேலி அம்மையாரை மணந்தார். ஒரு மகளுக்குத் தந்தையானார். சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த பின்னும் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்வதை விடவில்லை. நோயுற்று, 1853 செப்டம்பர் 8, அன்னை மரியாளின் பிறப்பு விழாவன்று, மார்செய் நகரில் இறைவனடி சேர்ந்தார். 1997 ஆகஸ்ட் 22-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

இன்றும் வெளிநாட்டுக் கிளைச் சபைகள் இந்தியக் கிளைகளுடன் இணைந்து உதவி அனுப்புகின்றன. ஆயினும் வேலை தேடி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வந்து, ஒற்றை அறையில் வாடகைக்கிருக்கும் குடும்பத்தின் பசியைக் கடல் கடந்து வரும் பணம் தானாகக் கண்டறியாது. கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். பணம் குறைந்தால் திரட்டலாம். ஆள் குறைந்தால் உதவி வாசலிலேயே நின்றுவிடும்.

ஜூபிலி கொண்டாடும் நம் பங்கின் இளைஞர்களே, அவரும் உங்கள் வயதில்தான் தொடங்கினார்.