ஞான் சந்திர கோஷ்

சர் ஞான் சந்திர கோஷ் (செப்டம்பர் 4, 1894 – ஜனவரி 21, 1959) ஓர் இந்திய வேதியியலாளர், கல்வியாளர். வலிய மின்பகுளிகளின் கரைசல்கள் பற்றி 1918ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட கோட்பாட்டினால் உலக அளவில் அறியப்பட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார்.

இளமையும் கல்வியும்

இவர் இன்றைய மேற்கு வங்காளத்தில் உள்ள புருலியாவில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயிடம் வேதியியல் பயின்றார். மேகநாத சாகா, சத்தியேந்திர நாத் போஸ் ஆகியோர் இவருடன் ஒரே காலத்தில் அங்கு பயின்றவர்கள். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர், கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளரானார்.

வலிய மின்பகுளிக் கோட்பாடு

உப்பு நீரில் கரையும்போது அதன் ஒரு பகுதி மட்டுமே அயனிகளாகப் பிரிகிறது என்பது 1887இல் அர்ரீனியஸ் முன்வைத்த கருத்து. இதன் அடிப்படையில் அமைந்த ஆஸ்ட்வால்டின் நீர்த்தல் விதி, அசெட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த மின்பகுளிகளுக்குப் பொருந்தியது. ஆனால் பொட்டாசியம் குளோரைடு போன்ற வலிய மின்பகுளிகளுக்கு அவ்விதி பொருந்தவில்லை. மாறிலியாக இருக்கவேண்டிய எண் செறிவுக்கேற்ப மாறியது.

வலிய மின்பகுளிகள் முழுவதுமாக அயனிகளாகப் பிரிகின்றன என்பதைக் கோஷ் அடிப்படையாகக் கொண்டார். இக்கருத்தை 1909இல் பியெரம் என்பவரும் முன்வைத்திருந்தார். படிகத்தில் உள்ளதைப் போன்றே கரைசலிலும் அயனிகள் ஒழுங்காக அமைந்துள்ளன என்றும், மின்கவர்ச்சியை மீறத்தக்க இயக்க ஆற்றல் உடைய அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன என்றும் கோஷ் கருதினார். அயனிகளுக்கு இடைப்பட்ட தொலைவிலிருந்து இவ்வாற்றலைக் கணக்கிட்டதால், கரைசலின் விலகல் செறிவின் கனமூலத்தைச் சார்ந்ததாக அமைந்தது.

வெப்ப இயக்கவியலில் இதன் இடம்

வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதிருக்க, மிகப் பெரிய அளவு கரைசலில் ஒரு மோல் உப்பைச் சேர்த்தால், செறிவு ஏறக்குறைய மாறாது. அப்போது மொத்தக் கிப்ஸ் ஆற்றலில் ஏற்படும் மாற்றமே அவ்வுப்பின் பகுதி மோலார் கிப்ஸ் ஆற்றல் ஆகும். இது வேதியியல் நிலையாற்றல் எனவும் வழங்கப்படும். அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், இதன் மதிப்பு செறிவைக் கொண்டு மட்டும் கணக்கிடும் மதிப்பிலிருந்து விலகுகிறது. இவ்விலகலைக் குறிக்கும் எண் செயல்திறன் கெழு எனப்படும். இவ்விலகலுக்கு மின்விசையிலிருந்தே காரணம் காண முயன்ற தொடக்ககால ஆய்வுகளுள் கோஷின் ஆய்வும் ஒன்று.

திறனாய்வு

இக்கோட்பாடு ஐரோப்பாவில் பரவலாக விவாதிக்கப்பட்டது. எனினும் மிக நீர்த்த கரைசல்களில் சோதனை முடிவுகள் கனமூலத்தை அல்ல, வர்க்கமூலத்தையே பின்பற்றின. எடுத்துக்காட்டாக, செறிவு 64இல் ஒரு பங்காகக் குறைந்தால், கனமூலம் 4இல் ஒரு பங்காகவும் வர்க்கமூலம் 8இல் ஒரு பங்காகவும் குறையும். எனவே நீர்க்க நீர்க்க இரண்டு விதிகளும் வெவ்வேறு முடிவுகளைத் தரும்.

1923இல் டிபை, ஹூக்கல் ஆகிய இருவரும் புதிய கோட்பாட்டை வெளியிட்டனர். வெப்ப இயக்கம் அயனிகளின் ஒழுங்கைக் குலைக்கிறது. எனினும் ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர்மின்சுமை உடைய அயனிகள் சராசரியாக மிகுந்து காணப்படுகின்றன என்பதே அதன் சாரம். இதிலிருந்து வர்க்கமூல விதி கிடைத்தது. இதன்படி 25° செல்சியசில் 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசலின் செயல்திறன் கெழு 0.89 ஆகும், சோதனை மதிப்பு ஏறக்குறைய 0.90. இதன் பின்னர் கோஷின் கோட்பாடு கைவிடப்பட்டது. ஆயினும் முழுப் பிரிகை, அயனிகளுக்கிடையேயான மின்விசை என்னும் அதன் இரு அடிப்படைகளும் புதிய கோட்பாட்டில் நிலைபெற்றன.

பிற பணிகள்

1919இல் இங்கிலாந்து சென்ற கோஷ், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டோனனிடம் ஆய்வு செய்தார். 1921இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். அங்கு ஒளிவேதியியல், வினையூக்கிகள் முதலிய துறைகளில் ஆய்வு மேற்கொண்டார். 1939 முதல் 1948 வரை இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தார். அடிப்படை அறிவியலுடன் பொறியியலையும் அங்கு வளர்த்தார். வானூர்திப் பொறியியல் துறை 1942இல் இவரது காலத்திலேயே தொடங்கப்பட்டது.

1950இல் காரக்பூரில், முன்னாள் ஹிஜ்லி தடுப்பு முகாம் கட்டடத்தில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் பணியாற்றினார். 1943இல் சர் பட்டமும் 1954இல் பத்ம பூசண் விருதும் பெற்றார். 1959 ஜனவரியில் காலமானார். காரக்பூரை அடுத்து உருவான இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் ஒன்று, அதே ஆண்டு ஜூலையில் சென்னையில் திறக்கப்பட்டது.