திசையே ஆடையாக: ஆசாரியர் சாந்திசாகரர் வாழ்க்கை

அருகப்பெருமான் அருளிய அறநெறியில் இல்லறத்தார்க்கு அணுவிரதங்களும் துறவியர்க்கு மாவிரதங்களும் வகுக்கப்பட்டுள்ளன. மாவிரதம் பூண்ட முனிவர்க்குரிய 28 மூலகுணங்களுள் ஆடை துறத்தலும் ஒன்றாகும். ஓர் ஆடை இருந்தால் அதனைப் பிறரிடம் இரந்து பெறல் வேண்டும். துவைக்குங்கால் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மாயும். கிழிந்தால் தைத்தல் வேண்டும். களவு போனால் மனம் கலங்கும். இவை யாவினும் வலியது ஆடையோடு ஒட்டி நிற்கும் நாணம். உடலே தான் என்னும் எண்ணம் உள்ளவரை நாணம் அகலாது. எனவே பற்று முற்றும் அற்றமைக்கு அடையாளமாகத் திசைகளையே ஆடையாகக் கொள்ளும் திகம்பரக் கோலம் அமைந்தது. முனிவர் பொறுக்க வேண்டிய 22 இடர்களுள் ஆடையின்மையால் வரும் இடரையும் நம் முன்னோர் சேர்த்து எண்ணினர். இக்கோலம் எளிதன்று என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இக்கோலத்தில் நடந்து அறமுரைத்த முனிவர்களால் தமிழகத்து மலைக்குகைகளும் கற்படுக்கைகளும் புனிதம் பெற்றன. காலம் மாறியது. சமணரைக் குறித்த அமணர் என்னும் பெயரே அம்மணம் என்ற வழக்குச் சொல்லுக்கு மூலமாயிற்று என்பர். பெருமைக்குரிய பெயர் ஏளனத்திற்கு இடமான அந்நிலை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரத நாடு முழுவதிலும் திகம்பர முனிவர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். கர்நாடக, மராட்டிய எல்லைப் பகுதியில் வாழ்ந்த முனிவர் சிலரும் ஊருக்குள் வரும்போது உடலை ஒரு துணியால் மறைத்துக்கொண்டு, ஆகாரம் கொள்ளும் இடத்தில் மட்டும் அதனைக் களைந்து வந்தனர். அயலாரின் நகைப்புக்கும் அரசின் தடைக்கும் அஞ்சியதோடு, சிராவகரின் கூச்சமும் அவர்களை இவ்வாறு நடக்கச் செய்தது.

இந்நிலையை மாற்றிய பெருமகனார் ஆசாரியர் சாந்திசாகரர். அவர் 1872ஆம் ஆண்டில், பெல்காம் மாவட்டத்துப் போஜ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள எளகுள கிராமத்தில், தாயின் பிறந்தகத்தில் தோன்றினார். தந்தையார் பீமகௌடா பாட்டீல். தாயார் சத்யவதி அம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் சாதகௌடர். தூத்கங்கையும் வேத்கங்கையும் கூடும் போஜ் ஊரில், வேளாண்மையும் மதிப்பும் மிக்க சைனக் குடும்பத்தில் அவர் வளர்ந்தார். அக்கால வழக்கப்படி 9 வயதில் அவருக்கு மணம் செய்வித்தனர். மணப்பெண்ணாகிய சிறுமி சில மாதங்களிலேயே மறைந்தாள். மீண்டும் மணம் பேச முற்பட்ட பெற்றோரிடம் அவர் உறுதியாக மறுத்து, வாழ்நாள் முழுவதும் பிரமசரியம் காத்தார்.

குடும்பத்திற்கு ஒரு துணிக்கடை இருந்தது. சாதகௌடர் கடையில் அமர்ந்திருக்கும்போது வருவோர் தமக்கு வேண்டிய துணியைத் தாமே தேர்ந்து, தாமே அளந்து கிழித்து, கணக்கேட்டில் தாமே எழுதிக்கொள்ளுமாறு விட்டுவிடுவார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். வயலில் கதிர் கொத்த வரும் பறவைகளை ஓட்டாமல் அவற்றுக்குத் தண்ணீரும் வைப்பார். உடல்வலி மிக்கவராதலின், ஆற்றைக் கடக்க வேண்டிய முனிவர்களைத் தோளில் சுமந்து அக்கரை சேர்ப்பார். துணி விற்கும் கடையில் இருந்தவரே பின்னாளில் துணியை முற்றும் துறந்தார். அத்துறவு ஒரு நாளில் வந்ததன்று. பற்றின்மை இல்லறத்திலேயே அவரிடம் வேரூன்றியிருந்தது.

இளமையிலேயே அவர் உள்ளம் துறவை நாடியது. எனினும் தாம் உள்ளவரை இல்லத்திலேயே இருக்க வேண்டும் என்பது பெற்றோர் விருப்பமாக இருந்தமையால், அவர் பொறுமையோடு காத்திருந்தார். அக்காலத்திலேயே சம்மேதசிகரம் முதலிய திருத்தலங்களுக்கு யாத்திரை சென்று வந்ததோடு நோன்புகளையும் மிகுதியாக மேற்கொண்டார். 1912ஆம் ஆண்டளவில் பெற்றோர் இருவரும் மறைந்தனர். அதன் பின்னர்த் தேவேந்திரகீர்த்தி முனிவரிடம் சுல்லக தீட்சை பெற்று, இரண்டே துணிகளோடு வாழத் தொடங்கினார். பின்பு நேமிநாதர் முத்தியடைந்த கிர்நார் மலையில் ஐலக நிலையை ஏற்று, கோவணம் ஒன்றை மட்டும் கொண்டார். 1920ஆம் ஆண்டில் எர்னாள் என்னும் ஊரில் அக்கோவணத்தையும் களைந்து முனிவரானார். அப்போது அவருக்கு வயது 48. சாதகௌடர் சாந்திசாகரர் ஆனார். மயிற்பீலியும் கமண்டலமும் தவிர வேறொன்றும் அவரிடம் இல்லை.

தீட்சை பெற்ற பின் அவர் முதலில் எதிர்கொண்ட தடை, வெளியாரிடமிருந்து வரவில்லை. சொந்தச் சமுதாயத்திலிருந்தே வந்தது. முனிவர் ஊருக்கு வந்தால் கோயில் உபாத்தியாயர் ஒரு வீட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அவ்வீட்டிற்கே அவரை அழைத்துச் செல்வது அப்பகுதியின் வழக்கமாக இருந்தது. தம்பொருட்டு ஏற்பாடு செய்த உணவு முனிவர்க்கு ஆகாது என்பது ஆகமநெறி. ஆகவே சாந்திசாகரர் அவ்வழக்கத்தை ஏற்க மறுத்தார். அழைப்பு எதுவும் பெறாமல், மனத்துள் ஒரு நியமம் கொண்டு வீதிவழியே நடப்பார்; நியமம் பொருந்திய இல்லத்து வாயிலில் சிராவகர் முறைப்படி எதிர்கொண்டால் மட்டும் நிற்பார்; இன்றேல் உண்ணாமல் திரும்புவார். இந்நெறியை மக்கள் அறியாத ஊர்களில் பல நாள் பட்டினி கிடந்தார். எவரையும் கடிந்துகொண்டதில்லை. அவர் பசியோடு திரும்புவதைக் கண்ட சிராவகர் நூல்களைக் கேட்டறிந்து, மறந்துபோன ஆகாரதான முறையைக் கற்றுக்கொண்டனர்.

துணியால் மறைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் அவர் கைவிட்டார். காலையிலும் மாலையிலும், கடைத்தெருவிலும் வயல்வெளியிலும் ஒரே கோலத்தில் நடந்தார். தொடக்கத்தில் தலைகுனிந்த சைனர் சிலர் நாளடைவில் அவரோடு சேர்ந்து நடந்தனர். நாளுக்கு ஒரு முறை, நின்றவாறே, இரு கைகளையே கலமாக்கி உண்டார்; நீரும் அவ்வேளையில் மட்டுமே பருகினார். நீராடாமல், வெறுந்தரையில் துயின்று, தலைமயிரையும் தாடியையும் தம் கையாலேயே பறித்துக் களைந்தார். கோக்னோளி என்னும் ஊரில் தியானத்தில் இருந்தபோது பாம்பொன்று உடல்மீது ஏறிச் சுற்றியும் அவர் அசையவில்லை என்பது அப்பகுதியில் இன்றும் வழங்கும் செய்தி. இத்தகைய வாழ்வைக் கண்டவர்க்கு, ஆடையின்மை அவ்வாழ்வின் ஒரு கூறாகவே தோன்றியது. 1924ஆம் ஆண்டில் சம்டோளியில் சங்கம் கூடி அவருக்கு ஆசாரியப் பதவி அளித்தது.

1927ஆம் ஆண்டில் அவர் தம் சங்கத்தோடு தென்னாட்டிலிருந்து சம்மேதசிகரத்தை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். பல நூற்றாண்டுகளாகத் திகம்பர முனிவர் சங்கமாக நடந்திராத ஊர்கள் வழியில் இருந்தன. ஆங்கில அரசின் சட்டமும் சில சமஸ்தானங்களின் ஆணையும் ஆடையற்ற முனிவர் வீதியில் நடப்பதைத் தடுத்தன. அதே காலத்தில் ஜெர்மனி முதலிய நாடுகளில் வெயிலும் காற்றும் உடலுக்கு நலம் தரும் என்று கருதி, ஆடையின்றிக் கூடி வாழ்ந்த குழுவினரும் இருந்தனர். அவர்கள் தமக்கென ஒதுக்கிய இடங்களில் அவ்வாறு வாழ்ந்தனர். ஆசாரியரோ உடல்நலத்தையோ இன்பத்தையோ நாடியவரல்லர். ஒதுங்கிய இடத்தைத் தேடியவருமல்லர். எல்லோரும் நடக்கும் பொதுவழியிலேயே அவர் நடந்தார். தடை ஏற்பட்ட இடங்களில் வழக்காடவோ திரும்பிச் செல்லவோ அவர் முற்படவில்லை. உண்ணா நோன்பு கொண்டு அமர்ந்தார். ஊர்ப்பெரியோர் அதிகாரிகளைக் கண்டு பேசிய பின்னர் வழி திறந்தது.

எல்லா இடங்களிலும் வரவேற்பு கிட்டியது என்று கூற இயலாது. தோல்பூர் சமஸ்தானத்து ராஜாகேடா என்னும் ஊரில் ஒரு கூட்டத்தினர் ஆயுதங்களோடு சங்கத்தைத் தாக்க வந்தனர். சிராவகர் உயிரைப் பொருட்படுத்தாமல் தடுத்து நின்றனர். காவலர் வந்து, கூட்டத்தின் தலைவனைப் பிடித்தனர். செய்தி அறிந்த ஆசாரியர், அவன் விடுவிக்கப்படும்வரை ஆகாரத்திற்கு எழுவதில்லை என்று உறுதி கொண்டார். அதிகாரிகள் வியந்து அவனை விடுத்தனர் என்று அவர் வரலாறு கூறுகின்றது. தம் உடலை மறைக்க ஒரு துணியும் வேண்டாதவர்க்கு அதனைக் காக்கச் சிறைச்சாலையும் வேண்டியிருக்கவில்லை.

1930களின் தொடக்கத்தில் அவர் தலைநகராகிய டெல்லியில் மழைக்கால வாசம் செய்தார். அந்நகரிலும் முனிவர் எல்லா வீதிகளிலும் செல்லக்கூடாது என்று தடை கூறப்பட்டது. அதனை அறிந்த ஆசாரியர் தடை கூறப்பட்ட இடங்களுக்கே நடந்து சென்றார். செங்கோட்டை, ஜும்மா மசூதி முதலிய இடங்களில் நின்று நிழற்படம் எடுக்கவும் இசைந்தார். உடலையே தமதென்று கருதாத முனிவர் நிழற்படத்தை விரும்பியது ஏன் என்று சிலர் வினவினராம். பிற்கால முனிவர்க்கு அத்தெருக்கள் மறுக்கப்படாதிருக்க ஒரு சான்று வேண்டும் என்பதே அவருடைய கருத்து.

அவருடைய காலத்தில் வேறு முனிவர்களும் இந்நெறியைக் காத்து நின்றனர். தெற்கே அங்கலியைச் சார்ந்த ஆதிசாகரரும், வடக்கே சாணி ஊரினராகிய மற்றொரு சாந்திசாகரரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். 1933ஆம் ஆண்டில் இரு சாந்திசாகரரும் பியாவர் நகரில் ஒருங்கே மழைக்கால வாசம் செய்தனர். தனி ஒருவரின் துணிவாகத் தோன்றியது இவ்வாறு ஒரு பரம்பரையாக வளர்ந்தது.

மூடபித்ரியில் ஓலைச்சுவடிகளாக இருந்த தவளம், ஜயதவளம், மகாபந்தம் ஆகிய சித்தாந்த நூல்கள் செல்லரித்து வருவதைக் கேட்டு ஆசாரியர் பெரிதும் வருந்தினார். அவர் தூண்டுதலால் அந்நூல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. தமக்கென ஒரு நூலிழையும் வைத்துக்கொள்ளாதவர் வருங்காலத்தினர்க்காக வைத்துச்சென்ற செல்வம் அதுவாகும்.

முதுமையில் அவர் கண்ணொளி குன்றியது. தரையில் ஊரும் உயிர்களைக் கண்டு விலகி நடத்தல் முனிவர்க்குரிய விரதம். கண் மங்கினால் அது கைகூடாது. விரதம் குலைய வாழ்வதினும் விரதத்தோடு உடலை விடுவதே முறை எனத் துணிந்த அவர், குலபூஷணரும் தேசபூஷணரும் முத்தியடைந்த குந்தல்கிரியில் 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சல்லேகனை மேற்கொண்டார். தொலைவில் இருந்த தம் சீடர் வீரசாகரருக்கு ஆசாரியப் பதவியை அளித்துச் செய்தி அனுப்பினார். எவரேனும் தமக்குத் தீங்கிழைத்திருந்தால் பொறுத்ததாகவும், தாம் இழைத்திருந்தால் பொறுத்தருள வேண்டுமெனவும் அனைவரிடத்தும் தெரிவித்தார். நோன்பின் 36ஆம் நாளாகிய செப்டம்பர் 18ஆம் நாள் காலை, தம் 83ஆம் வயதில் உடல் நீத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திரண்ட மக்கள் அக்குன்றைச் சூழ்ந்து நின்றனர்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாது நோற்று உயிர் நீத்தமையைக் கல்வெட்டு உரைக்கின்றது. 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்கும் அப்பாறையைக் கண்டு வணங்கிய தமிழ்ச் சமணர்க்குக் குந்தல்கிரிச் செய்தி அயலானதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு நம் மலைகளில் வாழ்ந்த அதே நெறிதான் 1955இலும் உயிரோடு இருந்தது.

வீரசாகரரின் சீடர் சிவசாகரர். சிவசாகரரிடம் தீட்சை பெற்றவர் ஞானசாகரர். அவருடைய மாணவரே நாடறிந்த ஆசாரியர் வித்யாசாகரர். இன்று பெருநகர வீதிகளில் திகம்பர முனிவர் நடக்கும்போது போக்குவரத்து ஒதுங்கி வழிவிடுகின்றது. காவலரே முன்சென்று வழியமைக்கின்றனர். வேற்றுச் சமயத்தாரும் கைகூப்புகின்றனர். இம்மதிப்பை வாதமோ சட்டமோ மட்டும் பெற்றுத் தரவில்லை. 35 ஆண்டுகள் ஒருவர் பசித்தும் நடந்தும் பொறுத்தும் வாழ்ந்த வாழ்க்கையே அதற்கு அடித்தளமாக அமைந்தது.

நம் சிற்றூர் ஜினாலயங்களுக்கு முனிவர் எழுந்தருளும்போது, அக்கோலம் ஏன் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. கூச்சத்தோடு பேச்சை மாற்றாமல், துணிக்கடையில் அமர்ந்திருந்த சாதகௌடர் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடமையாகும். மாவிரதம் அனைவர்க்கும் இயலாது. தேவைக்கு மேற்பட்ட ஆடையையும் அணியையும் ஒரு சிறிதேனும் குறைத்து, மிகுதியை இல்லார்க்கு ஈதல் இல்லறத்தார்க்கும் இயலும். அவ்வளவில் நிற்பினும் ஆசாரியர் காட்டிய நெறியில் நாமும் ஓரடி நடந்தோராவோம். சாந்திசாகரப் பெருமானின் திருவடிகள் வாழ்க, ஜினதருமம் ஓங்குக.