கிளிமஞ்சாரோ உச்சியை முதலில் தொட்டவர்... 2 தடவை தோற்ற ஹான்ஸ் மேயர் 3-வது தடவை ஜெயித்தது எப்படி?

ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலை, தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ. உயரம் 5,895 மீட்டர். வருஷத்துக்குப் பல்லாயிரம் பேர் அங்கே ட்ரெக்கிங் போகிறார்கள். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறவேண்டிய அவசியம்கூட இல்லை. நடந்தே உச்சிக்குப் போய்விடலாம்.

ஆனா, அந்த உச்சியில் முதலில் கால் வைத்ததாகப் பதிவாகியிருக்கும் மனிதருக்கு அது அவ்வளவு லேசாக அமையவில்லை. ஒரு தடவை பனி தடுத்தது. இன்னொரு தடவை, மலைக்குப் போவதற்கு முன்பே சிறைபிடிக்கப்பட்டார். அவர் பெயர் ஹான்ஸ் மேயர்.

யார் இந்த ஹான்ஸ் மேயர்?

1858 மார்ச் 22-ல் ஜெர்மனியில் பிறந்தவர். இவருடைய தாத்தா யோசஃப் மேயர் தொடங்கிய பதிப்பகம், ஜெர்மன் கலைக்களஞ்சியம் வெளியிட்டுப் புகழ்பெற்றது. குடும்பத் தொழிலுக்கு வந்தாலும் ஹான்ஸுக்கு மனசெல்லாம் பயணத்திலேயே இருந்தது. கையில் வசதியும் இருந்தது.

கிளிமஞ்சாரோ பற்றி ஐரோப்பாவில் அப்போ பெரிய சர்ச்சையே நடந்து முடிந்திருந்தது. 1848-ல் யோஹானஸ் ரெப்மான் என்ற கிறிஸ்தவ ஊழியர் அந்த மலையில் பனியைப் பார்த்ததாக எழுதினார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் எப்படிப் பனி இருக்கும் என்று லண்டனில் இருந்த நிபுணர்கள் சிலர் அதை நம்ப மறுத்தார்கள். பிறகு போனவர்கள் பனி இருப்பதை உறுதி செய்தார்கள். 1880-களில் ஜெர்மனி அந்தப் பகுதியைத் தன் காலனி ஆக்கியது. அதனால், உச்சியை முதலில் தொடுவது ஒரு ஜெர்மானியராகத்தான் இருக்கவேண்டும் என்பதில் மேயர் பிடிவாதமாக இருந்தார்.

2 முயற்சி, 2 தோல்வி

கிளிமஞ்சாரோ மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்த மலை. அதில் உயரமானது கிபோ. 1887-ல் மேயர் கிபோவின் பனி விளிம்பு வரை போய்விட்டார். கூட வந்தவர் களைத்துப்போய் பின்தங்கிவிட, எதிரே பனிச்சுவர். அதில் ஏறுவதற்கான கருவிகள் கையில் இல்லை. திரும்பிவிட்டார்.

1888-ல் ஆஸ்கர் பவுமான் என்பவரோடு மறுபடியும் கிளம்பினார். அதே நேரத்தில், கடற்கரைப் பகுதியில் ஜெர்மன் ஆதிக்கத்தை எதிர்த்து அபுஷிரி தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. மலைக்குப் போகும் முன்பே இருவரும் பிடிபட்டார்கள். சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டவர்கள், பிணைத்தொகை கொடுத்த பிறகுதான் உயிரோடு திரும்பினார்கள்.

3-வது தடவை என்ன மாறியது?

1889-ல் மேயர் இரண்டு விஷயங்களை மாற்றினார்.

ஒன்று, துணை. லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற ஆஸ்திரிய உடற்பயிற்சி ஆசிரியரை அழைத்துக்கொண்டார். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகியவர், பனியில் போகத் தெரிந்தவர்.

இரண்டு, சாப்பாடு. அதுவரை போனவர்களைத் திருப்பி அனுப்பியதில் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. மேயர் அடிவாரத்தில் மாரங்கு கிராமத்திலும், அதற்கு மேலே வெவ்வேறு உயரங்களிலும் முகாம்கள் போட்டார். சுமைதூக்குபவர்கள் முறைவைத்து உணவையும் விறகையும் மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். இதனால் சுமார் 4,300 மீட்டர் உயரத்திலேயே பல நாள் தங்க முடிந்தது.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கிளிமஞ்சாரோ உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். இதற்கு உடம்பு பழகச் சில நாட்கள் தேவை. அவசரப்பட்டால் தலைவலி, வாந்தியில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உயரத்தில் தங்கியிருந்த நாட்கள் அந்தப் பழக்கத்தைக் கொடுத்தன.

அக்டோபர் 3-ல் இருவரும் பனியில் கோடரியால் படி வெட்டி வெட்டி, எரிமலை வாயின் விளிம்பை அடைந்தார்கள். அப்போதான் தெரிந்தது, உண்மையான உச்சி இன்னும் தள்ளி இருக்கிறது என்று. உடம்பில் தெம்பு இல்லை, பொழுதும் இறங்கிக்கொண்டிருந்தது. பிடிவாதம் பிடிக்காமல் கீழே இறங்கிவிட்டார்கள். ஓய்வெடுத்து, ஒரு குகையில் இரவைக் கழித்து, மறுபடி ஏறி, அக்டோபர் 6 காலையில் உச்சியைத் தொட்டார்கள். புர்ட்ஷெல்லருக்கு அன்று 40-வது பிறந்தநாள்!

பெயர் வைத்தது ஒருவர், மாற்றியது மக்கள்

மேயர் அங்கே ஜெர்மன் கொடியை நட்டு, தன் மன்னர் பெயரில் கைசர் வில்ஹெல்ம் சிகரம் என்று பெயர் வைத்தார். உச்சியில் எடுத்த ஒரு கல்லை மன்னருக்கே பரிசாகவும் கொடுத்தார்.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி அந்தக் காலனியை இழந்தது. அடுத்து பிரிட்டன் ஆண்டது. 1961 டிசம்பரில் டாங்கன்யிகா சுதந்திரம் பெற்றபோது உச்சியில் புது நாட்டின் கொடியும் தீபமும் ஏற்றப்பட்டன. சிகரத்தின் பெயர் உஹுரு ஆனது. சுவாஹிலி மொழியில் உஹுரு என்றால் சுதந்திரம்.

அதன் பிறகு மேயர்?

1898-ல் மறுபடி கிளிமஞ்சாரோ போனவர், பனி முன்பைவிடக் குறைந்திருப்பதைக் கவனித்துப் பதிவு செய்தார். 1912-க்கும் 2007-க்கும் நடுவில் அந்த மலையின் பனிப்பரப்பில் சுமார் 85 சதவீதம் காணாமல் போனது. 1903-ல் தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் எரிமலைகளை ஆராய்ந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்த அவர், 1929 ஜூலை 5-ல் காலமானார்.

கூடப் போனவர்கள் எங்கே?

வெற்றியாளர்கள் என்று உலகம் நினைவில் வைத்தது இரண்டு ஐரோப்பியர்களை மட்டும்தான். பங்கானியைச் சேர்ந்த முவினி அமானி, குளிர் வாட்டும் மேல் முகாமில் அவர்களோடு தங்கி உதவியவர். இவரைப் பற்றி மேயரே எழுதியிருந்தும் வெளியே யாருக்கும் தெரியவில்லை. மாரங்குவைச் சேர்ந்த யோஹானி லாவோ அந்தப் பயணத்தில் வழிகாட்டியாகப் போனவர் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். அதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், 100-வது ஆண்டான 1989-ல் அவர் கௌரவிக்கப்பட்டார்.

இன்றைக்கும் அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் சுமைதூக்குபவர்கள் முதுகிலும் தலையிலும்தான் போகிறது. அவர்கள் சுமப்பதற்கு 20 கிலோ என்று வரம்பு உண்டு. மேயர் ஏறிய பக்கமான மாரங்கு நுழைவாயிலில் அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. கூடப் போன உள்ளூர்க்காரர்களின் பெயர்களும் இப்போ அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன.